ரூத்தின் பூட்டனைத் தேடி மொன்றியலுக்கு

ஒக்ரோபர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை காலை ரொறன்ரோவில் ரயில் ஏறினோம். மொன்றியல் ஏறத்தாழ ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். காரில் போயிருக்கலாம். ரயில்தான் வேண்டும் என்றார் ரூத். இளம் பெண்ணாக அந்த ஊரை விட்டு வந்தபோதும் ரயிலில்தான் வந்தாராம்.

ரூத்தும் நானும் ஸ்காபரோவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பல வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பிறந்தது மொன்றியலில், ஒரு பழைய யூதக் குடும்பத்தில். தலைமுறை தலைமுறையாக ரபிகள், அதாவது யூத மதகுருமார், வந்த குடும்பம் அது என்று ஒரு பக்கத்தார் சொல்வார்கள். இன்னொரு பக்கத்தார் இல்லை என்பார்கள். அந்த இல்லை என்ற பக்கம் ரூத்தின் அப்பா.

கோன்வால் தாண்டியதும் ரூத் கதையைச் சொன்னார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் தருகிறேன்.

ரூத்தின் பூட்டன் பெயர் மொர்தெக்காய் ஷைன்பாக். உக்ரேனின் மேற்குப் பக்கத்தில் வெரிஸ்னா என்ற சிற்றூரிலிருந்து மனைவியோடும் ஒரு சின்ன மகனோடும் மொன்றியலுக்குக் கப்பலில் வந்தவர். இங்கே ஒரு சிறிய தொழுகைக் கூடத்துக்கு ரபியாக இருந்தார். வெரிஸ்னாவில் எலியேசர் ஷைன்பாக் என்று பெரிய ரபி ஒருவர் இருந்தார். சுற்றுவட்டாரம் முழுக்க மதிக்கப்பட்டவர். மொர்தெக்காய் அவருடைய மகன் என்பது ரூத்தின் பெரியப்பா கட்சி. ரூத்தின் அப்பாவோ, ஒரு கல்யாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால், "எங்கள் தாத்தா தையற்காரன் மகன். அதை அவரே என்னிடம் சொன்னார்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிரிந்தது குடும்பம். அண்ணனும் தம்பியும் சாகும்வரை பேசவில்லை.

"இப்போது பெரியப்பா மகன் சால் மட்டும்தான் இருக்கிறான். அவனுடைய பேத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம்" என்றார் ரூத். "எனக்கு அழைப்பில்லை. இந்தப் பயணம் அதற்காக இல்லை. உண்மை என்ன என்று தெரியவேண்டும். ஆனால் பயமாகவும் இருக்கிறது, மாலா. சால் சொல்வது சரியென்றால் என் அப்பா சபையில் பொய் சொன்னவர். அப்பா சரியென்றால், சாலுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே பெருமையை நான் போய்ப் பறிக்கப்போகிறேன்."

சாலை அவர் ஆங்கிலத்தில் 'கசின்' என்றார். எங்கள் கணக்கில் பெரியப்பா மகன் அண்ணன். நான் அதைச் சொன்னதும் ரூத் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் இன்னும் மோசம்" என்றார்.

மொன்றியலில் நாங்கள் தங்கியது பார்க் எக்ஸ்டென்ஷனில், என் தாய்மாமன் மகள் தவம் மச்சாள் வீட்டில். மச்சாள் ஒரு கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறா. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. படிகளில் கீழ்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தின் தாளிதமும் மச்சாளின் வெந்தயக் குழம்பும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டன. ரூத் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"வாங்கோ, வாங்கோ. போன்ஜூர்" என்று மச்சாள் ரூத்தின் பையை வாங்கினா. பிறகு என்னைப் பார்த்து, "இவ என்ன சாப்பிடுவா எண்டு தெரியேலை. இறைச்சி ஒண்டும் வைக்கேலை. எல்லாம் மரக்கறிதான். பேந்து ஏதும் பிழையாப் போயிடக் கூடாது" என்றா.

ரூத் அப்படியொன்றும் ஆசாரம் பார்ப்பவர் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டு அவருக்கு முகம் மலர்ந்தது. கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளி காலை மெத்ரோவும் பஸ்ஸுமாகக் கோட்-சென்-லூக் போனோம். டிக்கெற் நாலு டொலருக்குக் கிட்ட. யூதர்கள் நிறைய வசிக்கும் அமைதியான பகுதி அது. அகலமான தெருக்கள், உயரமான அடுக்குமாடிகள். சால் எங்களை எதிர்பார்த்திருந்தார். நெடிய, மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். கையில் தடி. ரூத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை, கையும் கொடுக்கவில்லை. ஆனால் தேநீர் தயாராக இருந்தது.

"ரயில் எப்படி?" என்று கேட்டார்.

"நேரத்துக்கு வந்தது" என்றார் ரூத்.

பிறகு இருவரும் தேநீரைக் கலக்கினார்கள். நான் சுவரில் இருந்த பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்த்தேன். சால்தான் தொடங்கினார்.

"நீ வந்தது எதற்கென்று தெரியும். என் அப்பாவும் அதே தாத்தாவின் மடியில் இருந்தவர்தான். 'நீங்கள் ரபி எலியேசரின் பிள்ளைகள்' என்று தாத்தா அவரிடம் சொன்னார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு பண்டிகைக்கும்."

"என் அப்பாவிடம் அவர் வேறு மாதிரிச் சொன்னாரே."

"உன் அப்பாவுக்கு எதையும் உடைத்துப் பார்க்க ஆசை."

ரூத்தின் கரண்டி கோப்பையில் தட்டியது. கல்லறையில் மொர்தெக்காயின் தகப்பன் பெயர் எப்படி இருக்கிறது என்று அமைதியாகக் கேட்டார்.

"யோசேப் என்று இருக்கிறது" என்றார் சால். "பெரிய ரபியின் முழுப்பெயர் யோசேப் எலியேசர். கல் வெட்டியவன் சுருக்கிவிட்டான். அப்பா எனக்கு அப்படித்தான் சொன்னார்." பிறகு, சபாத் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன என்று எழுந்தார். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாள். வாசல்வரை வந்து, "படிகளில் பார்த்துப் போ" என்று ரூத்திடம் சொன்னார். கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை.

அங்கிருந்து நேரே டி லா சவான் மெத்ரோவுக்கு அருகிலுள்ள பழைய யூதக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெரிய கடைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே இப்படி ஓர் இடம் இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஒவ்வொரு தொழுகைக் கூடத்துக்கும், ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் தனித்தனிப் பகுதி. சிலவற்றுக்குத் தனி இரும்புக் கதவுகூட இருந்தது. கற்கள் நெருக்கமாக, பஸ்ஸில் நெரிந்து நிற்கும் ஆட்களைப் போல நின்றன. மேப்பிள் இலைகள் எல்லாவற்றையும் மூடியிருந்தன.

மொர்தெக்காயின் கல் உயரமானது, கருங்கல், நன்றாகப் பராமரிக்கப்பட்டது. மேலே சின்னச் சின்னக் கூழாங்கற்கள். யூதர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை. வந்துபோனதற்கு அடையாளமாக ஒரு கல் வைப்பார்கள். சால் வைத்தவையாக இருக்கும். ரூத் சிறுவயதில் படித்த ஹீப்ரூவை எழுத்துக் கூட்டி வாசித்தார். 'பென்' என்றால் மகன். "மொர்தெக்காய் பென் யோசேப்" என்றார். எலியேசர் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. பக்கத்தில் மனைவி புளூமாவின் கல்.

"கல் வெட்டியவன் ஒரு ரபியின் பெயரைச் சுருக்குவானா?" என்று ரூத் கேட்டார். அப்பா பக்கம்தான் உண்மை என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். ஆனால் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்து வைத்தார். வெளியே வரும்போது வாசல் குழாயில் கை கழுவினோம். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் நாங்கள் முழுகுவோம் என்று சொன்னேன். "எல்லோருக்கும் தண்ணீர் தேவைப்படுகிறது" என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது மச்சாள் எல்லாவற்றையும் கேட்டா. நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எங்கள் ஆட்களுக்கு வம்சக் கதை என்றால் சோறு ஆறினாலும் பரவாயில்லை. மச்சாளின் புருசன் ரஞ்சன் அண்ணையும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது சரி, அந்தாளின்ர மனுசி ஆர்?" என்று மச்சாள் கேட்டா.

"புளூமா. பக்கத்திலேயே புதைத்திருக்கு."

"அவதானோ இவவின்ர தாத்தாவைப் பெத்தவ?"

நான் அதை ரூத்திடம் ஆங்கிலத்தில் கேட்டேன். ரூத் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இல்லை" என்றார். "புளூமா இரண்டாவது மனைவி. தாத்தாவின் அம்மா இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார். தாத்தா கைக்குழந்தை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்."

"அவவின்ர பேர் என்ன? அவ எங்க கிடக்கிறா?"

ரூத்துக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாது, இடமும் தெரியாது. இத்தனை வருடம் இரண்டு வீட்டாரும் சண்டை போட்டது மொர்தெக்காயின் தகப்பன் யார் என்றுதான். அவருடைய முதல் மனைவி யாருடைய மகள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"எங்கட பக்கம் எண்டால் முதல் அதைத்தான் கேப்பினம், பொம்பிளை ஆற்றை மகள் எண்டு" என்றா மச்சாள். பிறகு தட்டைப் பார்த்து, "இவவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றா.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் திறப்பதில்லை. ரூத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. மைல் எண்ட் பக்கம் நடந்தோம். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகள், அவற்றுக்குக் கீழே பூட்டிய சைக்கிள்கள். தொழுகை முடிந்து, ஆசாரத்தை இறுக்கமாகப் பார்க்கும் ஹசீதிய யூதக் குடும்பங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. ஆண்களுக்கு வட்டமான உரோமத் தொப்பி, சின்னப் பெண்களுக்கு ஒரே துணியில் சட்டை. எங்கள் இருவரையும் யாரும் கவனிக்கவில்லை. சுடச்சுட இரண்டு பேகல், அதாவது வளைய ரொட்டி, வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். மொர்தெக்காயின் தொழுகைக் கூடம் இருந்த கட்டடத்தை ரூத் தேடிக் கண்டுபிடித்தார். இப்போது அதில் செடி விற்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றேன். வேண்டாம் என்றார். வீதியின் மறுபக்கம் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"அந்தப் பெண் இந்தத் தெருவில்தான் குளிரில் நடந்திருப்பாள்" என்றார். "பாஷை தெரியாமல், கைக்குழந்தையோடு."

நான் கனடாவில் கழித்த முதல் குளிர்காலம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஞாயிறு காலை ரஞ்சன் அண்ணை தன் காரில் கொண்டுபோய் விட்டார். "நான் இதிலேயே நிக்கிறன். அவசரப்படாதேங்கோ" என்றார். கல்லறை அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் குடும்பப் பெயரைச் சொன்னோம். அவர் கணினியில் தேடி, மொர்தெக்காய் இருக்கும் பகுதியில் வேறு யாரும் இல்லை, ஆனால் கடைசி மூலையில், ஏழைகளுக்கான பழைய அடக்கச் சங்கத்தின் பகுதியில் ஒரு ஷைன்பாக் இருப்பதாகச் சொன்னார். பெண். மொர்தெக்காயின் மனைவி என்று மட்டும் பதிவில் இருந்தது, பெயர் இல்லை. அந்தச் சங்கம் இப்போது இல்லை. வழியைக் கையால் காட்டினார்.

அங்கே கற்கள் சிறியவை, சாம்பல் நிறம், பாதி மண்ணுக்குள். ஒரு வரிசை முழுக்கப் பெண்கள். நாங்கள் தேடிய கல் முன்னால் சாய்ந்து, பாசி பிடித்து நின்றது. ரூத் மண்டியிட்டார். எழுத்து இருப்பது தடவினால் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. வானம் வெளுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் முகில் விலகிச் சூரியன் வந்தது, ஆனால் கல்லின் முகம் நிழலில் இருந்தது.

என் கைப்பையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். கடையில் ஃபிரேம் போட்டுப் பார்க்கிறவர்களுக்குக் காட்டுகிற சிறிய கண்ணாடிதான். அதை எடுத்து வெயிலைப் பிடித்து, கல்லின் பக்கவாட்டில் சரித்துப் பாய்ச்சினேன். வெட்டுகளில் நிழல் விழுந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"அப்படியே பிடி. அசைக்காதே" என்றார் ரூத்.

அவர் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். முதலில் பெயர். ஹாயா. அடுத்து 'பத்' என்ற சொல். அதற்கு மகள் என்று பொருள். அதற்குப் பிறகு நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். என் கை நோகத் தொடங்கியது.

"ஹாயா, ரபி எலியேசரின் மகள்" என்றார். "வெரிஸ்னாவின் தலைமை ரபி. ஊர்ப் பெயரும் இருக்கிறது, மாலா."

இருவரும் அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டோம். கணக்கு மிகவும் எளிமையானது. ஹாயா பெரிய ரபியின் மகள் என்றால் அவளைக் கட்டிய மொர்தெக்காய் அவருடைய மகனாக இருக்க முடியாது. அவர் யோசேப் என்ற தையற்காரனின் மகன். ரபி வீட்டு மருமகன். மாமனாரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டவர். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான் என்றார் ரூத். கிழவர் ஒரு பேரனிடம் நான் தையற்காரன் மகன் என்றார். இன்னொரு பேரனிடம் நீங்கள் ரபி எலியேசரின் பிள்ளைகள் என்றார். இரண்டும் உண்மை. நடுவில் இருந்தவளின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாத துக்கமாக இருந்திருக்கலாம்.

ரூத் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாலிடம் போகவேண்டும்" என்றார்.

சால் கதவைத் திறந்தபோது ரூத்தின் முழங்காலில் இருந்த மண்ணைத்தான் முதலில் பார்த்தார். ரூத் தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டி, கல் இருக்கும் மூலையையும் சொன்னார். சால் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"மருமகன்" என்றார்.

"ஓம் சால். மருமகன்."

"அப்பா ஒவ்வொரு வருடமும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நாங்கள் அந்தப் பெரிய கல்லுக்கு முன்னால் நின்று ரபி எலியேசரின் பெயரைச் சொல்லிப் பிரார்த்திப்போம். அவருடைய மகள் கடைசி மூலையில் இருந்திருக்கிறாள்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் எனக்குப் பயமாக இருந்தது. கோபப்படுவாரோ, எங்களை வெளியே போகச் சொல்வாரோ என்று நினைத்தேன். அவர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு அதைக் காட்டு."

ரஞ்சன் அண்ணை கார்க் கதவைத் திறந்து, சாலின் தடியை வாங்கி வைத்தார். "மெதுவா ஏறுங்கோ ஐயா" என்று தமிழிலேயே சொன்னார். சாலுக்கு அது விளங்கியது. மெதுவாக ஏறினார்.

நான் மறுபடி வெயிலைப் பாய்ச்சினேன். சாலுக்கு ஹீப்ரூ தண்ணீர் பட்ட பாடு. நின்றபடியே சத்தமாக வாசித்தார். பிறகு தடியின் நுனியால் கல்லின் அடியில் இருந்த மண்ணை விலக்கினார். அங்கே இன்னும் ஒரு வரி இருந்தது. முதலில் ரூத் அதைப் பார்த்திருக்கவில்லை. சால் குனிந்து வாசித்து, எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "இளம் வயதில் போனாள். மகனை விட்டுச் சென்றாள்."

சால் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"உன் அப்பா பொய் சொல்லவில்லை, ரூத்."

"பெரியப்பாவும் சொல்லவில்லை" என்றார் ரூத்.

இருவரும் ஆளுக்கொரு கல் தேடினார்கள். அந்த மூலையில் நல்ல கூழாங்கல் கிடைக்கவில்லை. சால் பாதையோரச் சரளைக்கல் ஒன்றை எடுத்து வைத்தார். ரூத்தும் அப்படியே செய்தார். வாசல் குழாயில் கை கழுவியபோது சால், "கல்யாணத்துக்கு என்ன நிறம் உடுப்பாய்?" என்று கேட்டார். ரூத் நீலம் என்றார். "நல்லது. என் மகள் பச்சை உடுக்கிறாள்" என்றார் சால்.

திங்கள் காலை ரயில். மச்சாள் புட்டும் சம்பலும் கட்டித் தந்திருந்தா. டோர்வால் தாண்டும்போது ஏரியின் மேல் இன்னும் பனிப்புகை இருந்தது. எங்கள் ஊர்களிலும் குடும்பங்கள் இப்படித்தான் உடைகின்றன. கல்யாண வீட்டில் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை, யாருக்கு முதலில் வெற்றிலை நீட்டினார்கள் என்பது. உடைந்த பிறகு இருபக்கமும் உண்மையைத் தங்கள் பக்கத்திலேயே தேடுகிறார்கள். அது இரண்டுக்கும் நடுவில், யாரும் போகாத மூலையில் கிடக்கலாம் என்பது அந்த மூன்று நாளில் எனக்குத் தெரிந்தது.

புரொக்வில் வருவதற்கு முன் ரூத்தின் தொலைபேசி அடித்தது. சால்தான். சாய்ந்த கல்லை எடுத்துவிட்டு மொர்தெக்காயினது போல உயரமான கருங்கல் வைக்கவேண்டும் என்றார். ரூத் முடியாது என்றார். அதே கல்லை நிமிர்த்தி, துடைத்தால் போதும் என்றார். ஏழைகளின் கல்லாகவே இருக்கட்டும் என்றா நினைக்கிறாய் என்று சால் குரலை உயர்த்தியது எனக்கே கேட்டது. நீ எப்போதும் பெரிய கல்தான் பார்ப்பாய் என்றார் ரூத். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கிங்ஸ்டன் நிலையத்தில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். ரயில் மறுபடி புறப்பட்டது. அவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேரில் ஒருவரும் தொலைபேசியை வைக்கவில்லை.